என் டியூட்டியில் விழக் கூடாது

ஆஸ்பத்திரிக்கு நான் என் காலால் நடந்துதான் போனேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு யாரைக் கேட்டாலும் "வரும்போதே ரொம்ப மோசமாத்தான் இருந்தாங்க" என்று சொன்னார்கள். பொய். ஆட்டோவிலிருந்து இறங்கி, மீட்டர் போடாத ஆட்டோக்காரனிடம் இருமலோடு இருமலாகச் சண்டையும் போட்டுவிட்டு, காஷுவால்டி வாசல் வரை நடந்தேன். திரும்பி வந்தபோது இரண்டு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். எனக்கு வந்தது நிமோனியா. ஆனால் என் காலை வாங்கியது நிமோனியா இல்லை.

என் பெயர் பகவதி. ஊர் திருநெல்வேலிப் பக்கம். மத்திய அரசில் ஸ்டெனோவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ரிடையர் ஆனவள். சர்வீஸ் முழுக்க டெல்லி, மோதி பாக் குவார்ட்டர்ஸ். என் வீட்டுக்காரர் காலமானதும் அங்கேதான், மகன் முருகேஷ் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தமிழ் எழுதத் தெரியாமல் வந்ததும் அங்கேதான். ரிடையரானால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அதனால் முன்கூட்டியே யமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு ஹவுசிங் சொசைட்டியில் பணம் கட்டி வைத்திருந்தேன். குலுக்கலில் மூன்றாவது மாடி விழுந்தது. லிஃப்ட் கிடையாது. பால், காய்கறி, கோதுமை மாவு என்று எல்லாவற்றையும் நானே தூக்கிக்கொண்டு ஏறுவேன். அவரில்லாத வாழ்க்கையில் எனக்கென்று இருந்தது அந்த வீடும், அதன் சாவியை நானே திறந்து உள்ளே போகிற சுகமும்தான்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் இருமல். எனக்கு வந்தது போகவில்லை. டிஸ்பென்சரியில் கொடுத்த சிரப்பைக் குடித்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் காலை பல் தேய்க்கும்போது மூச்சு முட்டியது. உட்கார்ந்தும் முட்டியது. அந்தப் பயத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். காற்று சுற்றிலும் இருக்கிறது, உள்ளே மட்டும் வர மாட்டேன் என்கிறது. பூட்டிவிட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

காஷுவால்டி பெஞ்சில் வெகுநேரம் காத்திருந்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். டியூட்டி டாக்டர் படத்தை விளக்கில் வைத்து, வலது பக்கம் கீழே வெள்ளையாக இருந்த இடத்தைக் காட்டினார். நுரையீரல் காற்றுப்பை, எக்ஸ்ரேயில் அது கறுப்பாகத் தெரிய வேண்டும். அங்கே கிருமி புகுந்து சளியும் நீரும் கட்டிக்கொண்டால் வெள்ளையாகத் தெரியும். அதுதான் நிமோனியா. அட்மிட் என்றார். மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் டிரிப், முகத்தில் அவ்வப்போது மருந்துப் புகை வரும் முகமூடி. சில நாளில் காய்ச்சல் இறங்கியது. மூச்சு சீரானது. மருந்து தன் வேலையை ஒழுங்காகச் செய்தது என்பதை நான் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு அன்பு தன் வேலையை ஆரம்பித்தது.

லலிதா என் கூடவே வேலை பார்த்தவள். தஞ்சாவூர்க்காரி. அவளும் மற்ற சிநேகிதிகளும் எல்லோருமே மினிஸ்ட்ரிகளில் ஃபைல் பார்த்துத் தலை நரைத்தவர்கள். எங்கள் கூட்டத்தில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் தனியாக விடக் கூடாது என்பது வழக்கம். சொந்த பந்தமெல்லாம் ரயிலில் இரண்டு நாள் தூரத்தில் இருக்கும்போது நாங்கள்தானே ஒருவருக்கொருவர் உறவு? எனக்காக லலிதா டியூட்டி சார்ட் போட்டாள். காலை ஷிஃப்ட், மத்தியான ஷிஃப்ட், சாயங்கால ஷிஃப்ட். ஒருத்தி வந்து சேராமல் இன்னொருத்தி எழுந்து போகக் கூடாது. அட்டெண்டன்ட் பாஸ் கை மாறும். ஹாண்டிங் ஓவர், டேக்கிங் ஓவர் என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்வார்கள். முருகேஷ் குர்கானிலிருந்து ஆபீஸ் முடிந்து வந்து எட்டிப் பார்ப்பான். ராத்திரிக்கு என் தங்கை செண்பகம்; தகவல் கேட்டதும் ரிசர்வேஷன்கூட இல்லாமல் ஊரிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

"நீ ஒண்ணும் கவலைப்படாதே பகவதி. ஒரு நிமிஷம்கூட உன் கட்டில் காலியா இருக்காது. எல்லாம் சார்ட் போட்டாச்சு" என்றாள் லலிதா.

காலியாக இல்லைதான். தண்ணீர் வேண்டுமென்று நான் நினைப்பதற்கு முன் டம்ளர் உதட்டுக்கு வரும். ரசம் சாதத்தைக் குழைத்து ஸ்பூனில் ஊட்டுவார்கள். பாத்ரூம் என்று வாயெடுத்தால் பெட்பேன். "வேண்டாம், நான் நடந்து போறேன்" என்றால், அவ்வளவுதான், நான்கு கை வந்து அமுக்கும். "கீழே ஈரமா இருக்கு." "தலை சுத்திடும்." "நாங்க எதுக்கு இருக்கோம்?" ராத்திரியில் செண்பகம் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொல்வாள்:

"காலக் கீழ ஊனாத அக்கா. நான் இம்புட்டுத் தூரம் வந்தது என்னத்துக்கு? நீ பேசாமப் படு."

நானும் படுத்தேன். ஆயுசு முழுக்க அடுத்தவர்களுக்கு ஓடியவளுக்கு ஊட்டிவிட ஆள் கிடைத்தால் கசக்குமா? சுகமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது இன்னும் எரிகிறது.

எதிர்க் கட்டிலில் ஹரியானா கிராமத்திலிருந்து ஒரு அம்மாள் இருந்தாள். என்னைவிட மூத்தவள். அதே நிமோனியா, அதே டாக்டர், அதே ஊசி. வார்டில் எல்லோரும் அவளைத் தாயி என்பார்கள். அந்தப் பக்கம் பெரியம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மகன்கள் அட்மிட் செய்துவிட்டு எருமைகளைப் பார்க்கப் போய்விட்டார்கள். யாரும் வரவில்லை. எங்கள் ஷிஃப்ட் ஆட்கள் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். பாவம், பெத்ததுகள் இப்படி விட்டுட்டுப் போயிடுத்துகளே என்பாள் லலிதா.

தாயிக்குப் பாத்ரூம் போக வேண்டுமென்றால் தானே இறங்குவாள். கம்பியிலிருந்து டிரிப் பாட்டிலை எடுத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் கட்டில் கட்டிலாகப் பிடித்து வராந்தாக் கோடி வரை போவாள். வழியில் ஆயாவைத் திட்டுவாள், பக்கத்துக் கட்டில்காரியிடம் நலம் விசாரிப்பாள், மூச்சு வாங்க நிற்பாள், திரும்பி வருவாள். டிஸ்சார்ஜ் அன்று மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் கட்டிலருகில் வந்து நின்றாள். செண்பகம் எனக்கு ஆப்பிளைச் சீவி வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தூ தோ ராணி ஹை" என்றாள் தாயி. நீ ராணியல்லவா என்று. என் தலையில் கை வைத்துவிட்டு நடந்து போனாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ எனக்கும் டிஸ்சார்ஜ். மருந்துச் சீட்டு வந்தது, மிச்ச பில்லை முருகேஷ் கட்டினான். புடவை மாற்றிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். எழுந்தேன். அதாவது, எழ நினைத்தேன். தொடையில் எழுகிற இடம் எதுவோ அங்கே ஒன்றுமில்லை. மறுபடி முயன்றேன். முழங்கால் நடுங்கியது, பிருஷ்டம் ஒரு விரல்கடை உயர்ந்து பொத்தென்று விழுந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில் "பாத்து, பாத்து" என்றார்கள். நான் அழுதேன். வார்டில் அத்தனை பேர் முன்னால் நான் அழுதது அன்றைக்குத்தான்.

குர்கானில் முருகேஷ் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். தரைத்தளம், வாடகை வீடு. மருமகள் சுனீதா பஞ்சாபிப் பெண், பேங்க்கில் வேலை. காதல் கல்யாணம். எனக்கும் அவளுக்கும் அதுவரை பெரிய ஒட்டும் இல்லை, உரசலும் இல்லை. அவள் மம்மிஜி என்பாள், நான் அச்சா பேட்டா என்பேன், அத்தோடு சரி. பகலெல்லாம் செண்பகத்தின் ராஜ்ஜியம். குளிப்பாட்டுவது, தலை பின்னுவது, கக்கூஸில் உட்கார வைத்துத் தூக்கிவிடுவது எல்லாம் அவள்தான். அவளுக்கும் முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தால் எழும்போது யாரையாவது பார்த்துக் கையை நீட்டுவாள். "கையக் குடு" என்று கேட்டுக் கேட்டு அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. அப்படிப்பட்டவள் என்னைத் தூக்கினாள். அவள் மூச்சிரைப்பது என் காதில் விழும். கக்கூஸில் உட்கார்ந்து, எழ முடியாமல், தங்கையைக் கூப்பிட்டு, அவள் அடுப்பை அணைத்துவிட்டு வரும்வரை காத்திருக்கும் அந்த நேரம் இருக்கிறதே, அதில் மனுஷிக்கு மானம் என்று ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ஏன் இப்படி என்று கண்டுபிடிக்க டெஸ்ட் ஆரம்பித்தது. தைராய்டு பார்த்தார்கள். வைட்டமின் பார்த்தார்கள். முதுகெலும்பை ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பு சரியாக இருக்கிறதா என்று காலில் மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று உண்டு. சுருக் சுருக்கென்று உதறும், நரம்பின் வழியாக அந்த உதறல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று மெஷின் அளக்கும். எல்லாம் நார்மல். ஒவ்வொரு முறையும் முருகேஷ் லீவ் போட்டு, டாக்சி வைத்து, வரிசையில் நின்று, கவரை வாங்கிப் பிரித்து, நார்மல் அம்மா என்பான். நார்மல் என்றால் சந்தோஷப்பட வேண்டும். நான் ஒவ்வொரு நார்மலுக்கும் இன்னும் கொஞ்சம் பயந்தேன். பெயரே இல்லாத வியாதிக்கு என்ன மருந்து இருக்கும்?

பிசியோதெரபி என்று ஒரு இடத்துக்கும் அனுப்பினார்கள். அங்கே என்னைப் படுக்க வைத்துச் சிவப்பு விளக்கைத் தொடை மேல் திருப்பிவிட்டு அந்தப் பையன் டீ குடிக்கப் போய்விட்டான். அங்கேயும் படுக்கைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முருகேஷ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் நயமாகப் பேசினால் எனக்குச் சந்தேகம் வரும்.

"அம்மா, நீ டென்ஷன் எடுத்துக்காத. ஆபீஸ்ல ஒருத்தர் வாடகைக்கு ஃபிளாட் தேடிட்டிருக்காரு. நம்ம ஃபிளாட்டக் காட்டினேன். அவங்களுக்குப் புடிச்சிருக்கு."

"எந்த ஃபிளாட்டு?"

"உன் ஃபிளாட்தான். சும்மா பூட்டிக் கெடக்கு இல்ல? ப்ராக்டிகலா யோசி அம்மா. நீ தேர்ட் ஃப்ளோர் எப்படி ஏறுவ?"

"யாரக் கேட்டுல காட்டுன?"

"சாவி எங்கிட்டதான இருந்தது…"

என் கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரியில் எடுத்த சாவி. கையிலிருந்த தண்ணீர் டம்ளரை வீசினேன். அவன் மேல் படவில்லை, சுவரில் பட்டது. செண்பகம் ஓடி வந்து என் தோளைப் பிடித்து அமுக்கினாள். அவள் பங்குக்கு, "அவன் சொல்லுததுல என்ன தப்பு? உனக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா?" என்றாள். அப்போதும் என்னால் எழுந்து அந்த அறையை விட்டுப் போக முடியவில்லை. கோபத்தில்கூட உட்கார்ந்தே இருக்க வேண்டியிருந்தது. அதைவிடக் கேவலம் வேறு என்ன?

சுனீதா டம்ளரை எடுத்து வைத்தாள். மறுநாள் ராத்திரி பேங்க்கிலிருந்து வந்து, முதியோரை மட்டும் பார்க்கும் டாக்டர் ஒருத்தி இருக்கிறாள், போகலாமா மம்மிஜி என்று கேட்டாள். இன்னொரு நார்மலா என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த டாக்டர் வங்காளி. குள்ளமாக, ஸ்வெட்டர் மேல் கோட் போட்டுக்கொண்டு இருந்தாள். என் ரிப்போர்ட் கட்டைப் பிரிக்கவேயில்லை. கையில்லாத ஒரு நாற்காலியில் என்னை உட்கார வைக்கச் சொன்னாள். இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு எழுந்திருங்கள் என்றாள். எங்கே எழுவது? செண்பகம் அனிச்சையாகக் கை கொடுக்கப் போனாள். டாக்டர், "மத் சூயியே" என்றாள். தொடாதீர்கள் என்று. வாழ்க்கையில் செண்பகத்தை யாரும் அப்படி அதட்டியிருக்க மாட்டார்கள்.

பிறகு என் தொடையைச் சுற்றி டேப் வைத்து அளந்தாள். ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் படுத்திருந்தீர்கள், எத்தனை முறை கட்டிலை விட்டு இறங்கினீர்கள் என்று கேட்டாள். இறங்கவேயில்லை என்றேன். ஏன்? பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே ஒரு மாதிரி கேட்டது.

"உங்களுக்கு வியாதி ஒன்றுமில்லை" என்று அவள் ஹிந்தியில் நிதானமாகச் சொன்னாள். "வயதானவர்களின் தசை படுக்கையில் மளமளவென்று கரையும். அதிலும் தொடையும் இடுப்பும்தான் முதலில். நிமோனியா கொஞ்சம் எடுத்தது, படுக்கை அதைவிட அதிகமாக எடுத்தது, பிறகு வீட்டில் தூக்கித் தூக்கி விட்டது மிச்சத்தையும் எடுத்தது. திரும்ப வரும். ஆனால் மாத்திரையில் வராது. நீங்கள் எழுந்தால்தான் எழுகிற தசை வரும்."

நான் புரிந்துகொண்டது இதுதான். இத்தனை காலம் உழைத்தோமே, இனி உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நம் உடம்பு நினைப்பதில்லை. அதற்குப் பென்ஷன் கிடையாது. தினக்கூலிதான். அன்றன்று வேலை கொடுத்தால்தான் அன்றன்று கூலி. இதை என்னிடம் ஆஸ்பத்திரியில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், சொல்லவில்லையே என்று வழியெல்லாம் டாக்சியில் கத்திக்கொண்டு வந்தேன். ரத்தத்தை எடுத்தார்கள், சளியை எடுத்தார்கள், காலையும் மாலையும் டெம்பரேச்சர் எழுதினார்கள். காலை ஊன்று என்று சொல்ல ஆளில்லையா?

ஆளிருந்தது. அதுதான் அடுத்த வாரம் தெரிந்தது.

லலிதா என்னைப் பார்க்க வந்தாள். வாழைக்காய் பொடிமாஸ் கொண்டுவந்திருந்தாள். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"ஆமா, அந்த ரவுண்ட்ஸ் டாக்டர்கூடச் சொன்னாரே. ஜுரம் விட்டதும், உட்கார வைங்கோ, பாத்ரூமுக்கு நடத்திக் கூட்டிண்டு போங்கோன்னு."

"எப்போ சொன்னாரு?"

"முதல் வாரமே சொன்னார். தினம் சொல்லிண்டுதான் இருந்தார்."

"அப்புறம் ஏன் நடத்தலை?"

"நீ தூங்கிண்டிருந்தே. அடுத்த ஷிஃப்டுக்குச் சொல்லிட்டுப் போனேன். அவா அதுக்கடுத்தவாளுக்குச் சொல்லிருக்கா." அவள் பொடிமாஸ் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினாள். "என்னை என்ன பண்ணச் சொல்றே? என் டியூட்டியில நீ விழுந்துட்டா? ஊர் என்ன சொல்லும்? லலிதா இருந்தா, லலிதா விட்டுட்டான்னு சொல்ல மாட்டாளா?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முப்பது முப்பத்தைந்து வருஷம் எல்லோரும் பார்த்த வேலை அதுதானே. கஷ்டமான ஃபைல் வந்தால் கையெழுத்துப் போடாதே, பார்த்தேன் என்று குறித்து அடுத்த மேஜைக்குத் தள்ளு. தப்பு நடந்தால் நம் மேஜையில் நடக்கக் கூடாது. என்னையும் அப்படியே தள்ளியிருக்கிறார்கள். காலை மேஜையிலிருந்து மத்தியான மேஜைக்கு, மத்தியானத்திலிருந்து சாயங்காலத்துக்கு. விழாமல் பத்திரமாகத் தள்ளி, கடைசியில் எழ முடியாதவளாக வீட்டில் ஒப்படைத்துவிட்டார்கள். தாயிக்குச் சார்ட் போட ஆளில்லை. அவள் நடந்து போனாள்.

"லலிதா, நான் விழுந்திருந்தா ஒரு எலும்பு ஒடஞ்சிருக்கும். நீங்க எல்லாரும் சேந்து என்னய முழுசா ஒடச்சிட்டிய" என்றேன்.

அவள் அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. பொடிமாஸையும் தொடவில்லை. செண்பகம்தான் அவளை வாசல் வரை கொண்டுபோய் விட்டு வந்து, வந்த மனுஷியிடம் பேசுகிற பேச்சா இது என்று என்னைத் திட்டினாள்.

மறுநாளே ஆரம்பித்தேன். டாக்டர் சொன்ன பயிற்சி கேட்டால் சிரிப்பு வரும். நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, அதிலிருந்து எழு, உட்கார். பழகினால் ஒரு தலையணையை எடு. அப்புறம் அதையும் எடு. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நில். சுவரில் கை ஊன்றித் தள்ளு. தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கு. பருப்பு, தயிர், முட்டை சாப்பிடு. வெறும் ரசம் சாதத்தில் தசை வராது. முட்டையா என்று செண்பகம் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சுனீதாதான் அவித்துத் தருவாள்.

வலித்தது. பொய் சொல்ல மாட்டேன், தொடை எரிந்தது, இரண்டாவது தடவைக்கே நெஞ்சு படபடத்தது. விழுந்துவிடுவோமோ என்ற பயம் அந்த எரிச்சலைவிடப் பெரிசு. ஆத்திரம் ஒன்றுதான் என்னை எழுப்பியது. எழும்போதெல்லாம் ஒவ்வொருவராக நினைத்துக்கொள்வேன். இது லலிதாவுக்கு. இது அந்தச் சிவப்பு விளக்குப் பையனுக்கு. இது என் ஃபிளாட்டைக் காட்டிய முருகேஷுக்கு.

காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் கக்கூஸ் வாசலில் சுனீதா நிற்பாள். கதவு பாதி திறந்திருக்கும். நான் உள்ளேயிருந்து எழ முயல்வேன். முதல் வாரம் முனகினேன், அவளைத் திட்டினேன், கெஞ்சவும் கெஞ்சினேன். "உட்டியே மம்மிஜி, மைன் யஹீன் ஹூன்" என்பாள். எழுந்திருங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று. அவ்வளவுதான். கை வராது. ஒருநாள் நான் சுவரைப் பிடித்து நானாக எழுந்து, கதவை முழுக்கத் திறந்தபோது பார்த்தேன். அவள் இரண்டு கையையும் பின்னால் கோத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். விரலெல்லாம் வெளுத்திருந்தது. தானாக நீண்டுவிடக் கூடாதே என்று அப்படிக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். முகமெல்லாம் கண்ணீர். அன்றைக்குப் பேங்க்குக்கு லேட்டாகப் போனாள்.

செண்பகத்தால் இதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. மார்க்கெட் முனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஊருக்கெல்லாம் போன் போட்டாள். மதினி, சித்தி, ஒன்றுவிட்டவர்கள் எல்லோருக்கும் சேதி போயிற்று. மருமகள் மாமியாரைக் கக்கூஸில் விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறாளாம்.

"அந்தப் பஞ்சாபிப் புள்ள கையக்கூடக் குடுக்க மாட்டுக்கா. நான் கண்ணால பாத்தேன்" என்று என்னிடமே சொன்னாள்.

"குடுத்திருந்தா அவள நான் வெளிய தள்ளியிருப்பேன். நீ குடுத்த கைதான் என்னய முடமாக்கிச்சு மூதி."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்று தோன்ற வேண்டும், தோன்றவில்லை. அவள் பெட்டியைக் கட்டினாள். "இந்த அவமானத்துக்கா நான் ஓடியாந்தேன்?" என்றாள். முருகேஷ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஏற்றிவிட்டான். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததாக அவள் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் அவளோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் தினம் காலையில் நாற்காலியிலிருந்து எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன்.

வெயில் காலம் போய் மழையும் வந்துபோன பிறகு முருகேஷிடம் சாவியைக் கேட்டேன். அவன் ஆபீஸ்காரரிடம் ஃபிளாட்டை வாடகைக்கு விடுவதாக இல்லை என்று எப்போதோ சொல்லியாயிற்று. அந்தக் கோபம் மட்டும் எங்கள் நடுவில் இருந்தது. சாவியைக் கொடுத்தான், டாக்சியில் கூட்டிக்கொண்டு போனான், படிக்கட்டடியில் நின்று, வா அம்மா, நான் புடிச்சுக்கறேன் என்றான்.

"நீ பின்னாடி வா. புடிச்சேன்னு தெரிஞ்சா அங்கனயே உக்காந்திருவேன்."

கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஏறினேன். முதல் மாடியில் நின்றேன். இரண்டாவது மாடியில் நின்று, அந்த வீட்டு மிஸஸ் குப்தாவிடம் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன். மூன்றாவது மாடியில் என் கதவு. பூட்டில் தூசி. சாவியைப் போட்டுத் திருப்பினேன், கால் நடுங்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். முருகேஷ் வெளியே நிற்கிறான் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

இப்போதும் தினமும் காலையில் நாற்காலிப் பயிற்சி செய்கிறேன். பாட்டிலுக்குப் பதில் பருப்புப் பை. யாராவது என்னிடம் "இந்த வயசுல எதுக்கு மாமி ஏறி இறங்கறேள்?" என்று கேட்டால் வாயில் நல்ல வார்த்தை வராது. லலிதாவும் நானும் பேசிக்கொள்கிறோம். அவளுக்குச் சமீபத்தில் பித்தப்பை ஆபரேஷன் ஆனது. எனக்கும் சார்ட்டில் டியூட்டி போட்டார்கள். போனேன். டாக்டர் சரி என்றதும் அவளை எழுப்பி வராந்தாவில் நடத்தினேன். கடன்காரி கடன்காரி என்று வார்டு முழுக்கக் கேட்கத் திட்டிக்கொண்டே நடந்தாள்.

செண்பகம் இந்தக் குளிர்காலத்தில் வந்தாள். கூப்பிடாமல் வந்தாள். மூன்று மாடியும் ஏறி வந்து, வாசலில் மூச்சிரைக்க நின்று, "லிஃப்ட் இல்லாத வீட்டுலதான் குடியிருப்பேன்னு என்ன வீம்பு உனக்கு" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். பழசை அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் காபி போட்டுக் கொடுத்தேன். நான் நடக்கிறதைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் பால்கனியில் வெயில் விழும். அங்கே பாயைப் போட்டு அவள் பச்சைப் பட்டாணி உரித்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஊர்க்கதை எல்லாம் சொன்னாள். பேச்சோடு பேச்சாக, இப்போதெல்லாம் குளியலறையில் மருமகள் வந்து தூக்கிவிட வேண்டியிருக்கிறது என்றும் சொன்னாள். அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போனாள். பட்டாணி முடிந்தது. தோலைத் தட்டில் வாரிவைத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"கையக் குடுக்கா."

எழுந்து அவள் எதிரில் போய் நின்றேன். என்னைவிடச் சின்னவள். நான் வார்டில் கிடந்தபோது ராத்திரியெல்லாம் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்ட கை. அது என் முன்னால் நீண்டுகொண்டே இருந்தது. நான் என் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டேன்.

"குடுக்க மாட்டேன். எந்திரி."

"என்னக்கா இது?"

"அந்தா நாற்காலி இருக்கு. அதப் புடிச்சு நீயே எந்திரி. நான் இங்கனதான் நிக்கேன்."

என் முகத்தைப் பார்த்தாள். பழைய கோபம் எல்லாம் அவள் கண்ணுக்கு வந்தது. பாவி, என்றாள். நாற்காலியை இழுத்தாள், முட்டி போட்டாள், ஒரு காலை ஊன்றினாள், பாதியில் நின்று நடுங்கினாள். என் விரல்கள் ஒன்றையொன்று நெரித்தன. சுனீதா பட்ட பாடு என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எழுந்து நின்று, மூச்சு வாங்கி, என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். நான் அசையாமல் நின்றேன்.